கசோலைட்: ஈயமும் யுரேனியமும் சேர்ந்த அரிய சிலிக்கேட் கனிமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனிமவியல் படிக்கும் மாணவர்களும், சிறு படிகங்களைச் சேகரிப்பவர்களும், ஆய்வகத்தில் முதன்முதலாக யுரேனியக் கனிமத்தைக் கையாளுபவர்களும் கசோலைட் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகள் தரப்பட்டுள்ளன. பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான்: மஞ்சள் நிறத்தையும் கதிரியக்கத்தையும் பார்த்துவிட்டு ஈயத்தை மறந்துவிடுகிறார்கள்.

கசோலைட் என்றால் என்ன? ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

ஈயம், யுரேனியம், சிலிக்கான், ஆக்சிஜன், நீர் ஆகியவை சேர்ந்த கனிமம். வாய்பாட்டைச் சொற்களில் சொன்னால், ஓர் ஈய அயனி, ஒரு யுரேனைல் அயனி, ஒரு சிலிக்கேட் நான்முகி, ஒரு நீர் மூலக்கூறு. யுரேனைல் என்பது ஒரு யுரேனிய அணுவும் இரண்டு பக்கமும் நேர்கோட்டில் ஒட்டிய இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் கொண்ட அயனி. ஈயத்தின் மின்சுமை +2, யுரேனைலுடையது +2, சிலிக்கேட்டுடையது −4. கணக்கு நேராகிவிடுகிறது. இந்தச் சமன்பாடு பின்னால் தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

பூமியின் மேற்பரப்புக்கு அருகில், ஏற்கெனவே இருந்த யுரேனியத் தாது காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது உருவாகும் இரண்டாம் நிலைக் கனிமம் இது. ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் பிறப்பதில்லை.

இதில் ஈயம் எவ்வளவு, யுரேனியம் எவ்வளவு இருக்கும்?

தூய கசோலைட்டில் எடை அளவில் யுரேனியம் சுமார் 40.5 சதவீதம், ஈயம் 35.3 சதவீதம், சிலிக்கான் 4.8 சதவீதம். ஆக்சைடுகளாக எழுதும் வழக்கப்படி பார்த்தால் யுரேனியம் டிரையாக்சைடு 48.7, ஈய ஆக்சைடு 38.0, சிலிக்கா 10.2, நீர் 3.1 சதவீதம். அணு எண்ணிக்கையில் ஈயம், யுரேனியம், சிலிக்கான் மூன்றும் ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று.

பகுப்பாய்வு அறிக்கையில் இந்த 1:1:1 வராமல் ஈயம் குறைந்து நின்றால், கூடவே வேறொரு யுரேனியக் கனிமம் கலந்திருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். "ஈயம் குறைந்த கசோலைட்" என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

அப்போ இது ஈயத் தாதுவா, யுரேனியத் தாதுவா, சிலிக்கேட்டா? எந்த அலமாரியில் வைப்பது?

சிலிக்கேட் அலமாரியில். கனிமங்களை வகைப்படுத்தும்போது எந்த உலோகம் அதிகம் என்று பார்ப்பதில்லை. எதிர்மின் தொகுதி எது, அது எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். கசோலைட்டில் சிலிக்கேட் நான்முகிகள் ஒன்றோடொன்று மூலையைப் பகிர்ந்துகொள்வதில்லை, தனித்தனியாக நிற்கின்றன. அதனால் தனித்த நான்முகி கொண்ட நெசோசிலிக்கேட் பிரிவு. ஸ்ட்ரன்ஸ் முறையில் இதன் எண் 9.ஏகே.15. முதல் 9 என்பது சிலிக்கேட் வகுப்பு, ஏகே என்பது யுரேனைல் நெசோசிலிக்கேட்டுகள். டானா முறையில் 53-ஆம் வகுப்புக்குள் வரும்.

அதற்குள்ளும் இது யுரேனோபேன் குழுவைச் சேர்ந்தது. கால்சியம் கொண்ட யுரேனோபேன், மக்னீசியம் கொண்ட ஸ்க்லோடோவ்ஸ்கைட், செம்பு கொண்ட குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட், பொட்டாசியம் கொண்ட போல்ட்வுடைட் ஆகியவை இதன் உறவினர்கள். யுரேனியமும் சிலிக்கானும் 1:1 என்பது இந்தக் குழு முழுவதற்கும் பொது. அலமோசைட், பேரிசிலைட், லார்சனைட் போன்ற மற்ற ஈயச் சிலிக்கேட்டுகளோடு இதை ஒரே தட்டில் வைப்பவர்கள் உண்டு. காட்சிக்கு அது நன்றாக இருக்கும். வகைப்பாட்டில் அவை வெவ்வேறு கிளைகள்.

படிகத்துக்குள் ஈயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

தாள்களுக்கு இடையில். ஒவ்வொரு யுரேனைல் அயனியையும் சுற்றி நடுத்தளத்தில் ஐந்து ஆக்சிஜன்கள் அமர்ந்து ஐங்கோண இருகூம்பகம் ஆகின்றன. இந்த இருகூம்பகங்கள் விளிம்பைப் பகிர்ந்து சங்கிலியாகின்றன. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைச் சிலிக்கேட் நான்முகிகள் இணைத்துத் தாளாக்குகின்றன. தாளுக்கும் தாளுக்கும் நடுவில் ஈயமும் நீரும்.

இங்கே கசோலைட்டுக்கும் யுரேனோபேனுக்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். யுரேனோபேனில் இரண்டு யுரேனியத்துக்கு ஒரே ஒரு கால்சியம்தான் உண்டு. மின்சுமை பற்றாது என்பதால் ஒவ்வொரு சிலிக்கேட் நான்முகியும் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கசோலைட்டில் ஒவ்வொரு யுரேனியத்துக்கும் ஓர் ஈயம் இருப்பதால் அந்த ஹைட்ரஜனுக்கு வேலை இல்லை. தாள்களை நீர் மூலக்கூறுகளின் தளர்ந்த பிணைப்புக்குப் பதிலாக ஈயமே இறுக்கிப் பிடிக்கிறது. கசோலைட் தன் உறவினர்களைவிடக் கடினமாகவும் நீர் குறைவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். உலர்ந்த காற்றில் வெடித்து உதிராமல் இருப்பதும் இதனால்தான்.

படிக அமைப்பு ஒற்றைச்சரிவு, இடக்குழு பி 2₁/சி. அலகுக் கூட்டின் பக்கங்கள் 6.704, 6.932, 13.252 ஆங்ஸ்ட்ராம், சாய்கோணம் 104.2 பாகை, கூட்டுக்குள் நான்கு வாய்பாட்டு அலகுகள்.

முதலில் எங்கே கண்டுபிடித்தார்கள்?

காங்கோவின் கட்டாங்கா பகுதியில், ஷின்கொலோப்வே சுரங்கத்தில். கசோலோ என்பது அதே இடத்தின் இன்னொரு பெயர். கனிமத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. பெல்ஜியக் கனிமவியலாளர் ஆல்பிரட் ஸ்கோப் 1921-இல் இதை விவரித்தார். அதே சுரங்கத்திலிருந்து குரைட், சோடைட், பெக்கரெலைட், ஸ்க்லோடோவ்ஸ்கைட் என்று வரிசையாகப் புதிய கனிமங்களை அவர் அடுத்தடுத்து வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கு யுரேனியம் தந்த சுரங்கமும் இதுவே. 2004-இல் அரசாணை மூலம் அங்கே தோண்டுவது தடை செய்யப்பட்டது.

அழகான படிகங்கள் என்றால் சேகரிப்பாளர்கள் தேடுவது கட்டாங்காவிலேயே கோல்வேசிக்கு அருகிலுள்ள முசோனோய். காபோனின் முனானா, பிரான்சின் கெர்செகலெக், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ரக்கிள்ஸ் சுரங்கம் ஆகியவையும் அறியப்பட்ட இடங்கள். எகிப்தின் கிழக்குப் பாலைவனக் கருங்கற்களிலும் இது பதிவாகியுள்ளது.

மஞ்சளாக இருக்கிறது, கைகர் கவுண்டரும் (கதிரியக்கத்தை எண்ணும் கருவி) கத்துகிறது. யுரேனோபேன் இல்லை, கசோலைட்தான் என்று எப்படி உறுதி செய்வது?

நிறத்தை வைத்து உறுதி செய்ய முடியாது. இரண்டுமே எலுமிச்சை மஞ்சளிலிருந்து காவி மஞ்சள் வரை வரும், இரண்டுமே ஊசிக்கற்றையாக வளரும். கண்ணுக்குத் தெரியும் குறிப்பு ஒன்று உண்டு: கசோலைட்டின் மினுக்கம் பிசின் பூசியது போலக் கொஞ்சம் எண்ணெய்ப்பசை கலந்திருக்கும், யுரேனோபேன் ஊசிகள் கண்ணாடி அல்லது பட்டு மினுக்கம் காட்டும். பத்து மடங்கு லென்சில் தட்டையான பட்டைப் படிகங்கள் தெரிந்தால் கசோலைட்டின் பக்கம் சாயலாம். ஆனால் மண் போன்ற படலமாக இருந்தால் இந்தக் குறிப்பு எதுவும் உதவாது.

எண்கள் நன்றாகவே பிரிகின்றன. கசோலைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவில் 4 முதல் 5, யுரேனோபேனுக்கு 2.5. அடர்த்தி கசோலைட்டுக்கு 5.8 முதல் 6.5 வரை, யுரேனோபேனுக்கு 3.9-ஐ ஒட்டி. ஆனாலும் கீறிப் பார்க்கும் சோதனையைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊசிக்கற்றையைக் கீறினால் கற்றை நொறுங்குவதைத்தான் பார்ப்பீர்கள், படிகத்தின் கடினத்தன்மையை அல்ல. மிஞ்சுவது கதிரியக்கத் தூசி. அடர்த்தியை அளக்கும் அளவுக்குத் தூய துண்டும் பெரும்பாலும் கிடைக்காது.

நுண்ணோக்கி கையில் இருந்தால் மிக எளிய வழி ஒளிவிலகல் எண். கசோலைட்டின் எண்கள் சுமார் 1.88-இல் தொடங்கி 1.96 வரை, யுரேனோபேன் 1.64 முதல் 1.67 வரை. ஒளிவிலகல் எண் சுமார் 1.74 உள்ள டைஅயோடோமீத்தேன் ஒரு துளியில் மணல் துகளைவிடச் சிறிய ஒரு துணுக்கைப் போட்டு மூடிக்கண்ணாடி வையுங்கள். ஒளியைக் குறுக்கி, மேடையை மெல்லக் கீழிறக்கும்போது துகளின் ஓரத்தில் தெரியும் ஒளிக்கோடு (பெக்கே கோடு) உள்ளே நகர்ந்தால் துகளின் எண் திரவத்தைவிட அதிகம்: யுரேனோபேன் அடிபட்டுப் போகிறது. வெளியே நகர்ந்தால் கசோலைட் அல்ல. ஈயமில்லாத இன்னொரு மஞ்சள் யுரேனைல் சிலிக்கேட்டான சோடைட்டும் 1.72-க்குக் கீழேயே நிற்பதால் அதுவும் இதே சோதனையில் கழிந்துவிடும். அடர்த்திக்காக இதே திரவத்தில் மூழ்கவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் பயனில்லை, இரண்டுமே மூழ்கும்.

எக்ஸ்ஆர்டி (படிகத்தின் அணுத்தள இடைவெளிகளை எக்ஸ் கதிரால் அளக்கும் முறை) வசதி இருந்தால் யுரேனோபேனின் வலுவான கோடு 7.9 ஆங்ஸ்ட்ராம் அருகே விழும். கசோலைட்டில் அந்த இடம் காலி, அதன் முதல் கோடுகள் 6.5 ஆங்ஸ்ட்ராமைச் சுற்றி வரும். ராமன் நிறமாலையிலும் யுரேனைலின் முக்கிய அதிர்வு யுரேனோபேனில் 800 செ.மீ⁻¹-க்குச் சற்றுக் கீழே, கசோலைட்டில் 750–770 வரம்பில் தெரியும். லேசரின் திறனைக் குறைத்தே தொடங்குங்கள், மஞ்சள் யுரேனைல் கனிமங்கள் எளிதில் கருகும்.

புற ஊதா விளக்கில் ஒளிரவே இல்லை. போலியைக் கொடுத்துவிட்டார்களா?

இல்லை. கசோலைட் ஒளிராது. "யுரேனியம் என்றால் பச்சையாக ஒளிரும்" என்ற எண்ணம் ஆட்டூனைட் போன்ற பாஸ்பேட்டுகளைப் பார்த்து வந்தது. யுரேனைல் சிலிக்கேட்டுகள் பொதுவாக மங்கலாக ஒளிரும், அல்லது ஒளிரவே மாட்டா. உங்கள் மாதிரி பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அது வேறு கனிமம், அல்லது மேலே வேறொன்றின் படலம்.

என்னுடையது பச்சை நிறத்தில் இருக்கிறதே?

செம்புக் கனிமங்களோடு கலந்து வளர்ந்திருக்கலாம். முசோனோயில் மலக்கைட்டும் குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட்டும் கூடவே இருக்கும். புல்பச்சை ஊசிகளாகவே இருந்தால் அது பெரும்பாலும் குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட்.

ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் குரைட்டா, கசோலைட்டா?

இது மஞ்சள் குழப்பத்தைவிடக் கடினமானது, ஏனென்றால் குரைட்டிலும் ஈயமும் யுரேனியமும் உண்டு. இரண்டும் ஒரே கல்லில் அருகருகே இருக்கும். குரைட்டில் சிலிக்கான் கிடையாது, அது நீரேறிய ஆக்சைடு. ஈயமும் யுரேனியமும் 3:8 விகிதம். அடர்த்தி 7-க்கு மேல், ஒளிவிலகல் எண் 2-க்கு மேல். முன் சொன்ன டைஅயோடோமீத்தேன் சோதனை இங்கே கைகொடுக்காது, இரண்டுமே திரவத்தைவிட உயர்ந்தவை. நிறம் செம்மஞ்சளாக ஆழ்ந்திருந்தால் குரைட்டை நினையுங்கள். முடிவை மட்டும் சிலிக்கான் இருக்கிறதா என்று பார்த்தபின் எழுதுங்கள்.

காலவரிசையும் உதவும். முதன்மை யுரேனியத் தாதுவான யுரேனினைட் சிதையும்போது முதலில் நீரேறிய ஆக்சைடுகள், பிறகு குரைட் போன்ற ஈயம் சேர்ந்தவை, சிலிக்கா கரைந்த நீர் தொடர்ந்து வந்தால் அதன் பிறகு சிலிக்கேட்டுகள். அதனால் கருப்பு யுரேனினைட்டை ஒட்டி ஆரஞ்சு, அதற்கு வெளியே மஞ்சள் என்று அடுக்காகப் பார்க்க முடியும். ஒரே துண்டிலிருந்து சுரண்டி எடுத்த தூளைச் சோதித்தால் மூன்றின் கலவைதான் கிடைக்கும். எந்த அடுக்கிலிருந்து எடுத்தீர்கள் என்பதைப் படம் எடுத்துக் குறித்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இடிஎஸ்-இல் பார்த்தேன், கந்தகமும் பொட்டாசியமும் இருப்பதாகக் காட்டுகிறது. புதுக் கனிமமா?

இடிஎஸ் என்பது எலக்ட்ரான் கற்றை பட்டு மாதிரி வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் ஆற்றலை வைத்துத் தனிமங்களைக் கண்டறியும் கருவி. அதன் மென்பொருள் தவறாகப் பெயரிட்டிருக்கிறது. ஈயத்தின் எம் கோடு 2.34 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது, கந்தகத்தின் கே கோடு 2.31-இல். சாதாரணக் கருவி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதே போல யுரேனியத்தின் எம் கோடுகள் 3.17-இலிருந்து மேலே பரவி, 3.31-இல் இருக்கும் பொட்டாசியத்தின் மேல் ஏறி நிற்கும். தானியங்கிப் பெயரிடலை அப்படியே நம்பினால் கசோலைட்டைப் போல்ட்வுடைட் என்றோ, யாரும் கேள்விப்படாத சல்பேட் என்றோ எழுதிவிடுவீர்கள்.

செய்ய வேண்டியது: முடுக்க மின்னழுத்தத்தை 25 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி, 10.5-இல் ஈயத்தின் எல் கோடும் 13.6-இல் யுரேனியத்தின் எல் கோடும் தெரிகின்றனவா என்று பாருங்கள். 15 கிலோவோல்ட்டில் யுரேனியத்தின் எல் கோடு எழும்பாது, அதற்கு 17.2-க்கு மேல் ஆற்றல் தேவை. 20-இல் எழும்பினாலும் மெலிந்தே இருக்கும். எல் கோடுகள் ஈயத்தை உறுதி செய்தபின், பட்டியலிலிருந்து கந்தகத்தை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். சிலிக்கான் 1.74-இல் தனியாகத் தெரியும், அதில் தொல்லை இல்லை. ஆனால் கீழே குவார்ட்ஸ் பாறை இருந்தால் எலக்ட்ரான் கற்றை அதையும் தொட்டு, சிலிக்கானை மிகைப்படுத்தும். அதனால் தடித்த துகளைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு நூலில் அடர்த்தி 5.8, இன்னொன்றில் 6.5. எது சரி?

படிகத்தின் உண்மையான அடர்த்தி 6.5. நீங்களே கணக்கிடலாம்: வாய்பாட்டு எடை 587.3, கூட்டில் நான்கு, கூட்டின் கன அளவு சுமார் 597 கன ஆங்ஸ்ட்ராம். 587.3-ஐ 4-ஆல் பெருக்கி, 1.6605-ஆல் பெருக்கி, 597-ஆல் வகுத்தால் 6.53 வரும். 5.8 போன்றவை அளந்து கண்ட எண்கள். இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றும், கலந்திருக்கும் இலேசான கனிமங்களும் எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும்.

ஈயம் எங்கிருந்து வருகிறது? யுரேனியம் சிதைந்து ஈயமாகிறதே, அதுதானா?

இரண்டு வழியும் உண்டு. பழைய யுரேனினைட்டுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த ஈயம் ஒரு வழி. அருகில் இருக்கும் கலீனா (ஈய சல்பைடு கனிமம்) சிதைந்து வரும் சாதாரண ஈயம் இன்னொரு வழி. ஈய ஐசோடோப்புகளை அளந்தால் தெரிந்துவிடும்: யுரேனியத்திலிருந்து பிறப்பவை 206-உம் 207-உம், 204 எந்தச் சிதைவிலிருந்தும் வருவதில்லை. 204 கணிசமாக இருந்தால் கலீனா போன்ற வெளி மூலம் கலந்திருக்கிறது.

ஒரு சிறு கணக்கு இங்கே சுவையானது. ஷின்கொலோப்வே யுரேனினைட்டின் வயது சுமார் 65 கோடி ஆண்டு. அந்த வயதில் பத்து யுரேனிய அணுக்களுக்குச் சுமார் ஓர் ஈய அணுதான் சேர்ந்திருக்கும். கசோலைட்டுக்கோ ஒவ்வொரு யுரேனியத்துக்கும் ஓர் ஈயம் வேண்டும். ஆக, வெளியிலிருந்து ஈயம் வராவிட்டால் அந்தப் பத்தில் ஒரு யுரேனியம்தான் கசோலைட் ஆக முடியும். மிச்சம் ஒன்பதும் சோடைட், யுரேனோபேன், ஸ்க்லோடோவ்ஸ்கைட் என்று ஈயம் கேட்காத கனிமங்களாகத்தான் போயாக வேண்டும். கசோலைட் மட்டும் குவியலாகக் கிடைக்கும் இடத்தில் பக்கத்தில் கலீனாவைத் தேடுவது வீண்போகாது.

யுரேனியமும் ஈயமும் ஒரே படிகத்தில் இருக்கிறதே, அப்படியே வயதைக் கணித்துவிடலாமே?

முடியாது. யுரேனியம்–ஈயம் முறை சிர்க்கான் என்ற கனிமத்தில் வேலை செய்யக் காரணம், சிர்க்கான் உருவாகும்போது ஈயத்தை உள்ளே விடுவதில்லை. பின்னால் இருக்கும் ஈயம் எல்லாம் உள்ளேயே பிறந்தது. கசோலைட்டில் ஈயம் கட்டமைப்பின் பகுதி, முதல் நாளிலிருந்தே இருப்பது.

பிடிவாதமாகக் கணக்குப் போட்டால் வரும் விடை இது: ஈய அணுவும் யுரேனிய அணுவும் சமம் என்றால், தொடங்கும்போது இருந்த யுரேனியத்தில் சரிபாதி சிதைந்துவிட்டது என்று பொருள். அதாவது யுரேனியம்-238-இன் ஓர் அரைவாழ்நாள், சுமார் 447 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே 454 கோடிதான். நேற்றுப் பெய்த மழையில் உருவான கசோலைட்டுக்கும் இந்தச் சூத்திரம் அதே வயதைத்தான் சொல்லும். ஈயம் முழுவதும் யுரேனினைட்டிலிருந்து வந்தது என்று ஐசோடோப்பு காட்டினாலும் நிலைமை மாறாது. அது பழைய தாதுவின் கதையைச் சொல்லுமே தவிரக் கசோலைட்டின் பிறப்பை அல்ல.

சில லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்ட இளம் படிகமாக இருந்தால் தோரியம்-230-ஐயும் யுரேனியம்-234-ஐயும் ஒப்பிட்டு வயது பார்க்க வழி உண்டு. தொடக்கத்தில் தோரியம் உள்ளே வரவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும் என்பதே அதில் சிக்கல்.

யுரேனியம் 40 சதவீதம் என்கிறீர்கள், ஆனால் கவுண்டர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் காட்டுகிறதே?

முதலில் உங்கள் துண்டில் எவ்வளவு கசோலைட் இருக்கிறது என்று பாருங்கள். பத்து மில்லிகிராம் என்பது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் கனசதுரம்தான். ஒரு கிராம் கசோலைட்டில் யுரேனியம்-238 மட்டும் விநாடிக்குச் சுமார் 5,000 சிதைவுகள் தரும். பத்து மில்லிகிராமுக்கு அது ஐம்பது.

இரண்டாவது காரணம் வயது. யுரேனியம்-238-இன் சிதைவுத் தொடரில் பதினான்கு கதிரியக்க உறுப்பினர்கள் உண்டு. எல்லாம் சமநிலையில் இருந்தால் கிராமுக்குச் சுமார் 70,000 பெக்கரல் (விநாடிக்கு அத்தனை சிதைவுகள்). ஆனால் நீரில் கரைந்து வந்து புதிதாகப் படியும் யுரேனியம் தன் வழித்தோன்றல்களை விட்டுவிட்டு வருகிறது. தோரியம்-234-உம் புரோடாக்டினியம்-234-உம் சில மாதங்களில் மீண்டும் நிறைந்துவிடும், அதனால் பீட்டா எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். அடுத்துள்ள தோரியம்-230-இன் அரைவாழ்நாள் 75,000 ஆண்டு. அது நிறையும்வரை ரேடியமும் பிஸ்மத்-214-உம் குறைவு, காமா கதிரும் குறைவு. காமாவை மட்டும் பார்க்கும் கருவியால் இளம் கசோலைட்டை அளந்தால் யுரேனியத்தைக் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

ஈயம் கதிர்வீச்சைத் தடுக்குமே? உள்ளேயே ஈயம் இருப்பதால் இது பாதுகாப்பானது என்று சொல்கிறார்கள்.

தவறான ஆறுதல். பிஸ்மத்-214-இன் 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா ஒரு மில்லிமீட்டர் கசோலைட்டைக் கடக்கும்போது பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. நேர்மாறாக, ஈயம் இருப்பது நச்சுத்தன்மையை ஒருபடி கூட்டுகிறது. யுரேனியமும் ஈயமும் இரண்டுமே விழுங்கினால் கெடுதல் செய்யும் உலோகங்கள்.

வீட்டில் வைத்திருக்கலாமா? எப்படி வைப்பது?

முதலில் உங்கள் நாட்டின் அணுப்பொருள் சட்டத்தைப் பாருங்கள். சில இடங்களில் சிறு மாதிரிக்கு விலக்கு உண்டு, சில இடங்களில் எந்த அளவுக்கும் அனுமதி வேண்டும். சட்டம் இடம் தந்தால், சில மில்லிகிராம் கொண்ட சிறு மாதிரி ஒன்றை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டி வைப்பது சமாளிக்கக்கூடியது. கைப்பிடி அளவுக் கல்லோ, பல மாதிரிகளின் தொகுப்போ அப்படியல்ல.

உண்மையான ஆபத்து தூசியும் ரேடானும். ஆல்பா கதிரைத் தோல் தடுத்துவிடும். உள்ளிழுத்த தூசியிலிருந்து வரும் ஆல்பாவைத் தடுக்க எதுவும் இல்லை. ரேடான்-222-க்கு 3.8 நாள் அரைவாழ்நாள். இறுக மூடிய பெட்டிக்குள் அது சேரும். அதனால் பெட்டியைப் படுக்கையறையில் வைக்காதீர்கள், திறப்பதைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், வெறுங்கையில் எடுத்து, லென்சில் பார்ப்பதற்காக முகர்வது போல முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். கையுறை, பிறகு சோப்புக் கழுவல், பக்கத்தில் உணவோ தேநீரோ கூடாது. பெட்டியின் மேலே கனிமத்தின் பெயரும் "கதிரியக்கம்" என்ற சொல்லும் எழுதியிருக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு அதைத் திறக்கப் போகிறவருக்கு அது தெரிய வேண்டும். தூரம் பெரிய உதவி: ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்த்தினாலே காமா அளவு நான்கில் ஒன்றாகும்.

தூசி படிந்துவிட்டது, கழுவலாமா?

உலர் தூரிகை, காற்றூதி, அல்ட்ராசானிக் தொட்டி மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் தூசியைக் காற்றில் கிளப்பும். மூன்றாவது இழைப்படிகங்களை உதிர்த்துத் தொட்டியையே மாசாக்கும். கசோலைட் நீரில் எளிதில் கரையாது என்பதால், தேவைப்பட்டால் காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு வழிய வைக்கலாம். வழிந்த நீரைக் கிண்ணத்தில் பிடித்து, கதிரியக்கக் கழிவாகக் கருதுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. கூட ஆட்டூனைட் போன்ற நீரிழக்கும் கனிமம் இருந்தால் கழுவி உலர்த்துவது அதை உதிர்த்துவிடும்.

அமிலச் சோதனை செய்தால் தெரியும் என்று பழைய நூலில் இருக்கிறதே?

தெரியும். அமிலத்தில் கரைந்து, சிலிக்கா கூழாகத் தங்கும், கரைசல் யுரேனைலால் மஞ்சளாகும். சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஆற வைத்தால் ஈயக் குளோரைடு வெண்ணிற ஊசிகளாகப் பிரியும். அந்த ஊசிகள்தான் யுரேனோபேனிலிருந்து இதைப் பிரிக்கும் அடையாளம். கூழ் யுரேனோபேனுக்கும் வரும்.

ஆனால் மாதிரி அழிந்துவிடும், கையில் யுரேனியமும் ஈயமும் கரைந்த அமிலம் மிஞ்சும். புகைபோக்கி அலமாரியும் கழிவு வழியும் இல்லாத இடத்தில் செய்யாதீர்கள். ஒளிவிலகல் சோதனை இதே கேள்விக்கு ஒரு துணுக்கில் பதில் தருகிறது.

இவ்வளவு கதிர்வீச்சில் படிகமே சிதைந்து போகாதா? சிர்க்கான் போகிறதே.

சிர்க்கானுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடைக்கின்றன. கசோலைட் பெரும்பாலும் அதைவிட மிக இளையது. மேற்பரப்பு நீரில் கரைந்து மறுபடி வளரவும் செய்கிறது. இயற்கை மாதிரிகள் பொதுவாகத் தெளிவான எக்ஸ்ஆர்டி கோடுகளைத் தருகின்றன. கோடுகள் பரந்து மங்கலாக வந்தால், கதிர்ச் சேதத்தைக் குறை சொல்வதற்கு முன் துகள் மிக நுண்ணியதா, கலவையா என்று பாருங்கள்.

இதனால் யாருக்கு என்ன பயன்? தாதுவாகத் தோண்டுகிறார்களா?

தனியாக இதை நம்பி எந்தச் சுரங்கமும் நடத்த முடியாது. மற்ற யுரேனியக் கனிமங்களோடு சேர்ந்து வந்தால் சேர்த்து அரைப்பார்கள். ஆய்வாளர்களின் ஆர்வம் வேறு இடத்தில். பயன்படுத்தி முடித்த அணு எரிபொருள் பெரும்பாலும் யுரேனியம் டையாக்சைடு, வேதியியலில் யுரேனினைட்டின் உடன்பிறப்பு. நிலத்தடியில் காற்றும் சிலிக்கா கரைந்த நீரும் பட்டால் அது என்ன ஆகும் என்பதற்கு இயற்கை ஏற்கெனவே செய்து காட்டிய சோதனை ஷின்கொலோப்வே போன்ற இடங்கள். ஈயமும் சிலிக்காவும் இருக்கும் இடத்தில் கசோலைட் போன்ற கரைதிறன் குறைந்த கனிமம் உருவாகி, நீரோடு போகவிருந்த யுரேனியத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ஈயமும் யுரேனியமும் சேர்ந்து மாசுபட்ட மண்ணைச் சீர்செய்பவர்களும் இதே காரணத்துக்காகவே இதைத் தேடிப் பார்க்கிறார்கள்.